மகன்ட எக்ஸிபிஷனுக்கு என்ன மாடல் செய்யலாம்? பிரமிட்டா, ரோமாபுரியா, கந்தளாய்க் குளமா?

உவர்மலை அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். மகன் ஒன்பதாம் ஆண்டு படிக்கிறான், அடுத்த மாசம் ஸ்கூல்ல கண்காட்சி. இவன்ட குரூப்புக்கு வந்த தலைப்பு பழைய நாகரிகங்கள்ட எஞ்சினியரிங். குரூப்ல நாலு பேர், அதில மூண்டு பேர் பிரமிட் செய்வம் எண்டு ஒற்றைக் கால்ல நிக்கிறாங்கள், காட்போட்டை முக்கோணமா வெட்டி ஒட்டி மேல பசை பூசி மணலைத் தூவினா முடிஞ்சுது வேலை எண்டு. எனக்கெண்டா அது பிடிக்கேல்ல. போன வருசமும் ரெண்டு பிரமிட் வந்தது, அதுக்கு முதல் வருசம் ஈபிள் டவர் வந்தது, அது எந்தப் பழைய நாகரிகமோ கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

போன கிழமை கொழும்பில இருந்து பஸ்ஸில வரேக்க கந்தளாய் தாண்டி வந்தம், குளத்தைப் பாத்திட்டு மகன் கேட்டான், அப்பா இவ்வளவு தண்ணியை அந்தக் காலத்து ஆக்கள் எப்படித் திறந்து மூடினவங்க, மோட்டரும் இல்ல இரும்புக் கதவும் இல்ல, மண்கட்டுக்கு அடியில ஒரு ஓட்டை போட்டா தண்ணி வாற வேகத்தில கட்டே கரைஞ்சு போகாதா எண்டு. துருசு எண்டு ஒண்டு இருக்குடா அதாலதான் விடுவாங்க எண்டு சொல்லிச் சமாளிச்சிட்டன், ஆனா உண்மையா எனக்குத் தெரியாது. வீட்ட வந்து யூடியூபைத் தட்டினா எல்லாம் பிரமிட்டும் ஏலியனும்தான். எங்கட அப்பம்மாட்ட கேட்டிருந்தா குளக்கோட்டன் எண்ட ராசா பூதங்களை வச்சுக் கட்டினவன் எண்டு ஒரு வசனத்தில முடிச்சிருப்பா.

எஞ்சினியர்மார், வயல் செய்யிற ஆக்கள் ஆராவது இருந்தா சொல்லுங்கோ. அந்த ஓட்டை விசயம் எப்படி வேலை செய்யுது? அதை ஒரு மீன் தொட்டியில செய்து காட்டேலுமா? இல்லாட்டி பேசாம பிரமிட்டுக்கே காட்போட் வாங்கிக் குடுக்கட்டா?

டொக்யார்ட் பொடியன்:

அண்ணை பிரமிட்டை அவ்வளவு லேசா எடுக்காதேங்கோ, காட்போட் முக்கோணம்தான் பிழை, பிரமிட் பிழையில்ல. கூபுவின்ட பெரிய பிரமிட் கட்டேக்க உயரம் 146 மீட்டர், கிட்டத்தட்ட 23 லட்சம் கல்லு, ஒரு பக்கம் 230 மீட்டர் நீளம், அவ்வளவு பெரிய அடித்தளத்தில மேடு பள்ளம் ஒரு ரெண்டு சென்டிமீட்டருக்குள்ளதான். எங்கட வீட்டு ஹோலுக்கு டைல்ஸ் ஒட்டின பாஸ் அதை விட மோசமா ஒட்டிட்டுப் போனவர், கோலிக்குண்டு வச்சா தானா குசினிக்குப் போகும்.

ஏலியன் கதைக்குப் பதில் 2013ல செங்கடல் கரையில வாடி அல் ஜார்ப் எண்ட இடத்தில கிடைச்சிட்டு. மெரெர் எண்டு ஒரு மேற்பார்வையாளர், கிட்டத்தட்ட 40 பேர் உள்ள படகு குரூப்புக்குப் பொறுப்பு, அந்தாள் எழுதின லொக் புக். பப்பைரஸ் துண்டுகள். இண்டைக்கு துரா எண்ட கல்லு வெட்டுற இடத்தில கல்லு ஏத்தினம், ராத்திரி இந்த இடத்தில தங்கினம், அடுத்த நாள் பிரமிட் கட்டுற கீசாவுக்குப் போய்ச் சேந்தம் எண்டு நாள் நாளா எழுதி வச்சிருக்கார். 4500 வருசத்துக்கு முந்தின ஆள், எங்கட டொக்யார்ட்ல வேர்க் ஷீட் நிரப்புற மாதிரியேதான். மகனிட்டச் சொல்லுங்கோ பிரமிட் செய்யிறதெண்டா முக்கோணத்தை விட்டிட்டு நைல் நதி, கல்லு ஏத்தின படகு, வெள்ளம் வாற காலத்தில கால்வாயால கிட்டக் கொண்டு போறது, அதைச் செய்யச் சொல்லி. அப்ப ஏலியனுக்கு வேலை இருக்காது.

சிவில் அக்கா:

நான் சிவில்தான் செய்தனான், கொஞ்சக் காலம் குளம் திருத்துற வேலையிலயும் இருந்தனான், அதால கொஞ்சம் நீட்டி எழுதப் போறன், பொறுமை இல்லாத ஆக்கள் தாண்டிப் போங்கோ.

மகன் கேட்டது நல்ல கேள்வி. 10 மீட்டர் ஆழத்தில தண்ணி நிக்குதெண்டா அடியில ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 தொன் அமுக்கம். அந்த ஆழத்தில ஓட்டை போட்டா தண்ணி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில வெளிய பாயும், நேவி ஹவுஸ் றோட்டில பஸ் ஓடுற வேகம். அது நேர மண்ணில போய் அடிச்சா ஒரு ராத்திரி காணும், கட்டின்ட காலை அரிச்சு எடுத்திடும். சின்னக் குளத்துக்கு இந்தப் பிரச்சினை பெரிசில்ல. ஆழம் கூடக் கூடத்தான் தலையிடி. பெரிய குளம் கட்டுறதில கஷ்டமான பகுதி மண் கொட்டுறது இல்ல, தண்ணியை அமைதியா வெளிய எடுக்கிறதுதான்.

அதுக்கு இந்தத் தீவில கண்டுபிடிச்ச வழியைச் சிங்களத்தில பிசோகொட்டுவ எண்டு சொல்லுவினம். ராணிட அடைப்பு எண்டு சனம் அதுக்கு ஒரு கதையும் வச்சிருக்கு. விசயம் இதுதான். குளக்கட்டுக்குள்ள கிணறு மாதிரி ஒரு சதுரக் குழி, உள்பக்கம் செத்தின கல்லு, அதுக்குப் பின்னால செங்கல்லு. குளத்துத் தண்ணி ஒரு கல்லுப் பீலியால இந்தக் குழிக்குள்ள வரும். வாற தண்ணி குழிக்குள்ள நிக்கிற தண்ணியில மோதிச் சுழண்டு தன்ட வேகத்தை அங்கேயே விட்டிடும். குழி மேல திறந்து கிடக்கிறதால அதுக்குள்ள நீர்மட்டம் குளத்து மட்டத்தை விட நல்லாக் கீழதான் நிக்கும், அந்தக் குறைஞ்ச மட்டத்தின்ட அமுக்கம்தான் மற்றப் பக்கத்துப் பீலியால வெளிய போற தண்ணிக்குக் கிடைக்கும். அதால வாய்க்கால்ல தண்ணி தவழ்ந்து போகும். திறந்து மூடுற பலகையும் இந்தக் குழிக்குள்ளதான், ஆள் மேல இருந்தே வேலை செய்யலாம், குளத்துக்குள்ள முங்கத் தேவையில்ல.

ஹென்றி பார்க்கர் எண்டு பிரிட்டிஷ் காலத்தில இங்க நீர்ப்பாசன வேலை செய்த எஞ்சினியர் 1909ல வந்த தன்ட புத்தகத்தில இதைப் பற்றி எழுதியிருக்கார். ஐரோப்பாவில இந்த மாதிரி வால்வு கோபுரங்களை 19ஆம் நூற்றாண்டிலதான் பரவலாக் கட்டத் தொடங்கினவை, இங்க அது ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தினது எண்டு அந்தாள் ஆச்சரியப்பட்டு எழுதினது.

இன்னொண்டும் சொல்லோணும். ரோமாபுரி எண்டு கேட்டீங்கள்தானே. பிரான்சில நீம் நகரத்துக்கு ரோமர் கொண்டு வந்த தண்ணிக் கால்வாய் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், முழுத் தூரத்துக்கும் இறக்கம் 12 சொச்சம் மீட்டர்தான், அதாவது கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர். அதில ஒரு துண்டுதான் போன் டு கார் பாலம், மூண்டு தட்டு வளைவு, 49 மீட்டர் உயரம். பாக்க வாய் பிளக்கத்தான் செய்யும். ஆனா எங்கட தாதுசேன மன்னன் 5ஆம் நூற்றாண்டில கலாவெவக் குளத்தில இருந்து அனுராதபுரத்துக்கு வெட்டின ஜய கங்கைக் கால்வாயைப் பாருங்கோ, 87 கிலோமீட்டர், முதல் 17 மைலுக்கு இறக்கம் மைலுக்கு 6 அங்குலம். கிலோமீட்டருக்கு 10 சென்டிமீட்டருக்கும் குறைவு. லேசர் லெவல் இல்லாம. அதோட அதுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கட்டு, மேட்டுப் பக்கம் திறந்த வெளி, தண்ணி அங்க பரந்து நிண்டு மாடு குடிச்சு, மண்ணில ஊறி, வழியில சின்னக் குளங்களையும் நிரப்பித்தான் போகும். நாங்க கம்பஸில படிச்சதெல்லாம் ரெண்டு பக்கமும் கட்டுக் கட்டி நேர் கோட்டில கொங்கிறீட் போட. வேலைக்குப் போன பிறகுதான் எனக்கே விளங்கினது அந்தக் காலத்து ஆள் மடையன் இல்லையெண்டு.

கந்தளாயையே செய்யுங்கோ. மீன் தொட்டியில கட்டாயம் செய்யலாம்.

கிண்ணியாவான்:

அக்கா சொன்னது சரி, ஆனா கந்தளாய் எண்டா எங்களுக்கெல்லாம் முதல் ஞாபகம் வாறது 86தான். ஏப்ரல் 20, விடியப்புறம், சனம் நித்திரை. கட்டு உடைஞ்சு நூத்துக்கு மேல மவுத்து. எனக்கு அப்ப ஏழு வயசு. வாப்பா தம்பலகாமத்துப் பக்கம் குத்தகைக்கு வயல் செய்தவர், அடுத்த நாள் பின்னேரம்தான் வீட்டுக்கு வந்தார், சாரன் முழுக்கச் சேறு. உம்மா சோறு போட்டு வச்சா, அவர் தொடயே இல்ல. வயல் எங்க இருந்ததெண்டே அடையாளம் தெரியேல்ல, முழுக்க மண் மூடிட்டு, வரம்பில செத்த மாடு கிடக்குது எண்டு மட்டும் சொன்னார். பிறகு வாழ்நாள் முழுக்க அவர் குளக்கட்டால போற பாரமான லொறியைக் கண்டா ஏசுவார்.

அதால நான் சொல்றது, மாடல்ல கட்டைச் செய்யக்குள்ள வடிகாலையும் காட்டுங்க. கட்டுக்குள்ளால கொஞ்சம் கொஞ்சமா கசியிற தண்ணிதான் ஆளைக் கொல்லும், மேலால வான் பாயிறது எல்லார் கண்ணுக்கும் தெரியும், கசிவு தெரியாது. முந்தி ஊர்ல போகம் தொடங்க முதல் எல்லாரும் போய்க் கட்டைச் செதுக்கி, எலி ஓட்டை, கறையான் புத்து, மரத்து வேர் எல்லாம் பாத்து அடைச்சிட்டுத்தான் மற்ற வேல. இப்ப அதுக்கு ஆள் இல்ல, போம் நிரப்பி ஒபிசுக்குக் குடுத்திட்டு இருக்க வேண்டியதுதான். எங்கட ஊர்ச் சின்னக் குளத்துக்கு நான் குடுத்த போம் மூணு வருசமா ஏதோ ஒரு மேசையில நித்திர கொள்ளுது.

வரலாறு முக்கியம்:

எல்லாம் சரி, ஆனா கட்டினது ஆர் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே. கந்தளாய்க் குளம் குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயில் திருப்பணிக்காகக் கட்டினது, கோணேசர் கல்வெட்டு எண்ட பழைய நூல்ல தெளிவா இருக்கு. போட்ல கொட்டை எழுத்தில போடச் சொல்லுங்கோ.

டொக்யார்ட் பொடியன்:

வந்திட்டாரையா. சூளவம்சம் எண்ட பழைய பாளி வரலாற்று நூல்ல ரெண்டாம் அக்கபோதி மன்னன், 7ஆம் நூற்றாண்டு எண்டு இருக்கு, மின்னேரியா கால்வாயை நீட்டித் தண்ணி கொண்டு வந்ததெண்டும் சொல்லுவினம். பிறகு பராக்கிரமபாகுவும் திருத்தினவன். சோழர் காலத்தில அங்க சதுர்வேதிமங்கலமே, அதாவது பிராமணர் குடியிருப்பு, இருந்திருக்கு, தமிழ்க் கல்வெட்டு கிடைச்சிருக்கு.

சிவில் அக்கா:

தம்பிமார், ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைட போட்டில சண்டை பிடிக்காதேங்கோ. இந்த மாதிரிக் குளம் ஒருத்தன் ஒரே மூச்சில கட்டி முடிக்கிறதில்ல. ஒருத்தன் கட்டுவான், இன்னொருத்தன் உயர்த்துவான், உடையும், காடு பத்தும், பிறகு ஒருத்தன் வந்து திருப்பிக் கட்டுவான். ரெண்டு பேரையும் போடுங்கோ, கோணேசர் கல்வெட்டில இப்படி, சூளவம்சத்தில இப்படி எண்டு. மண் சுமந்த சனத்தின்ட பேர் ரெண்டிலயும் இல்ல.

நிலாவெளி ரிட்டர்ன்:

நான் 90ல அம்மாவோட படகில ஏறிப் போய் திருச்சியில வளந்தவன், இப்பதான் திரும்பி ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகுது, பாஷை கலந்துதான் வரும் மன்னிச்சுக்குங்க. கல்லணை பத்தி ஒருத்தரும் பேசலையேன்னுதான் எழுதறேன். ஸ்கூல் படிக்கறப்ப சைக்கிள்ல போய் அது மேலதான் நின்னுட்டு இருப்போம். கரிகாலன் கட்டினது, காவிரிக்குக் குறுக்க 329 மீட்டர், கிட்டத்தட்ட 1800, 1900 வருஷம்னு சொல்றாங்க.

அதுல விஷயம் என்னன்னா ஆத்துல அடியில பாறையே கிடையாது, வெறும் மணல், எவ்வளவு தோண்டினாலும் மணல். அதுல எப்படி அஸ்திவாரம்? நிலாவெளி பீச்ல அலை திரும்பிப் போறப்ப நின்னு பாருங்க, காலுக்கு அடியில மணல் அரிச்சு கால் கொஞ்சம் கொஞ்சமா புதையும், ஒரு அளவுக்கு மேல புதையாது, இறுகி நின்னுடும். கல்லணையும் அதேதான், பெரிய பாறையப் போட்டா அது தானா இறங்கி மணல்ல உக்காரும், அதுக்கு மேல அடுத்தது, இடையில களிமண். 19ஆம் நூற்றாண்டுல ஆர்தர் காட்டன்னு ஒரு பிரிட்டிஷ் எஞ்சினியர் வந்து இதப் பாத்துத்தான் ஆழம் தெரியாத மணல்ல அஸ்திவாரம் போடக் கத்துக்கிட்டேன்னு அவரே எழுதி வெச்சிருக்காரு, அந்த வித்தைய வெச்சுத்தான் கோதாவரியில தவளேஸ்வரம் அணை கட்டினாரு. பையன் ஒரு ட்ரேல மணல் போட்டு, கல்ல வெச்சு, மெதுவா தண்ணி விட்டாலே போதும், கல் இறங்கறது கண்ணுல தெரியும். செலவே இல்ல.

உவர்மலை அப்பா:

எல்லாருக்கும் பெரிய நன்றி, இவ்வளவு பதில் வரும் எண்டு நினைக்கேல்ல. கிண்ணியாவான் நாநா, உங்கட வாப்பாட கதையை மகனுக்கு வாசிச்சுக் காட்டினன், கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு வடிகால் கட்டாயம் வைப்பம் எண்டான். கல்லணையையும் பக்கத்தில சின்னதாச் செய்யலாம் எண்டு குரூப் சம்மதிச்சிட்டு, படகு பிரமிட்டுக்கு மட்டும் ஒரு பொடியன் இன்னும் அழுறான்.

சிவில் அக்கா, நேற்று கிணத்தடியில வச்சு முதல் ட்ரை பண்ணிப் பாத்தம். மீன் தொட்டிக்கு ஓட்டை போடப் பயமா இருந்ததால பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒண்டு எடுத்து அடியில 6 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டால ஓட்டை, அதில குட்டி டியூப் ஒட்டி, மேல வெட்டின சோடாப் போத்தலுக்குள்ள விட்டு, போத்தல்ல மற்றப் பக்கமும் அதே 6 மில்லிமீட்டர் ஓட்டை. தண்ணி வேகம் கொஞ்சம் குறைஞ்சது, ஆனா நீங்க சொன்ன மாதிரித் தவழேல்ல, பாய்ஞ்சுதான் போகுது. எங்க பிழை?

சிவில் அக்கா:

பிழை ரெண்டு ஓட்டையும் ஒரே அளவா இருக்கிறதுதான். உள்ள வாறதும் வெளிய போறதும் சமனாக வேணும் எண்டா குழியில மட்டம் தொட்டி மட்டத்தின்ட பாதியில போய் நிக்கும், அப்ப வேகம் நூத்துக்கு எழுபதாத்தான் குறையும். வெளிய போற ஓட்டையைப் பெரிசாக்குங்கோ. 6க்குப் பதிலா 9 மில்லிமீட்டர் போட்டுப் பாருங்கோ, அப்ப பரப்பு ரெண்டேகால் மடங்கு. குழியில மட்டம் ஆறில ஒண்டுக்கு இறங்கும். தொட்டியில 30 சென்டிமீட்டர் தண்ணி எண்டா போத்தல்ல 5 சென்டிமீட்டர் மட்டில நிக்கோணும், வெளிய போற வேகம் செக்கனுக்கு ஒரு மீட்டர் அளவில இருக்கும். குழி இல்லாம நேர விட்டா செக்கனுக்கு 2.4 மீட்டர். இதை நான் பேப்பர்ல போட்டது, டியூப் நீளம், உராய்வு எல்லாம் சேத்தா கொஞ்சம் மாறும். மகனை போத்தல்ல ஒரு கோடு கீறி முதல் ஊகிக்கச் சொல்லுங்கோ, பிறகு தண்ணியை விடுங்கோ. ஜட்ஜ்மாருக்கு அது பிடிக்கும். வேகத்தைக் காட்ட வெளிய ஒரு தட்டில மணல் பரப்பி விடுங்கோ, குழி இல்லாம விட்டா கிடங்கு விழும், குழியோட விட்டா விழாது, அல்லது மெல்லிசாத்தான் விழும்.

டொக்யார்ட் பொடியன்:

கிண்ணியாவான் சொன்ன போம் கதைக்கு ஒரு சீனக் கதை இருக்கு. சிச்சுவான்ல துஜியாங்யென் எண்டு ஒரு பாசனத் திட்டம், கிமு 256 அளவில லீ பிங் எண்ட ஆளுநர் தொடங்கினது, ஆத்தைக் குறுக்க மறிக்கேல்ல, நடுவில மீன் வாய் மாதிரி ஒரு திட்டுக் கட்டி ரெண்டாப் பிரிச்சு விட்டது. மூங்கில் கூடைக்குள்ள கல்லு நிரப்பித்தான் கட்டு. வெடிமருந்து இல்லாத காலம், மலையை உடைக்க நெருப்பு மூட்டிச் சூடாக்கிப் பிறகு தண்ணி ஊத்தி வெடிக்க வச்சவங்க. இண்டைக்கும் வயலுக்குத் தண்ணி போகுது. ஆனா எனக்குப் பிடிச்சது அதில்ல. ஆத்துக்கு அடியில அடையாளம் புதைச்சு வச்சிருக்காங்க, பிற்காலத்தில இரும்புக் கட்டை. தண்ணி குறைஞ்ச காலத்தில வண்டல் அள்ளேக்க அந்த இரும்பு தட்டுப்படும் வரைக்கும் தோண்டோணும், அதுக்கு முதல் நிப்பாட்டினா வேலை முடியேல்ல எண்டு அர்த்தம். கொன்ட்ராக்டர் ஏமாத்தேலாது.

கிண்ணியாவான்:

அந்த இரும்ப எங்கட வாய்க்கால்ல புதைச்சா அடுத்த கிழமை பழைய இரும்புக் கடையில நிக்கும் தம்பி.

உவர்மலை அப்பா:

கடைசி அப்டேட். 9 மில்லிமீட்டர் போட்டம், மகன் 5 சென்டிமீட்டர்ல கோடு கீறினான், தண்ணி ஆறுக்குக் கிட்ட வந்து நிண்டது. அவன்ட முகத்தைப் பாக்கோணும். மணல் தட்டில குழி இல்லாம விடேக்க ஒரு நிமிசத்தில கிடங்கு விழுந்து மணல் வெளிய சிதறினது, குழியோட விடேக்க சின்ன நெளிவு மட்டும். களிமண் கட்டு ஒரு மூலையில கசிஞ்சது, அதை அடைக்காம அப்பிடியே விட்டு அதுக்குக் கீழ பரல் கல்லும் மணலும் போட்டு வடிகால் வச்சிருக்கிறம், பக்கத்தில "கசிவை ஒவ்வொரு நாளும் பாக்கவும்" எண்டு சின்ன போட். மனுசி கிணத்தடிச் சேத்தைப் பாத்து ஏசினது தனிக் கதை.

பின்னேரம் அம்மா வந்து ஒரு கதிரை போட்டு இருந்து எல்லாத்தையும் நல்ல வடிவாப் பாத்தா. தண்ணி விட்டுக் காட்டினம், தலையாட்டினா. பிறகு மகனைக் கூப்பிட்டு, எல்லாம் சரிடா, பூதம் எங்க எண்டு கேட்டா. அவன் உள்ளுக்கு ஓடிப் போய் தன்ட பழைய பிளாஸ்டிக் டைனோசரைக் கொண்டு வந்து குளக்கட்டுக்கு மேல நிப்பாட்டிட்டான், முதுகில ஒரு கல்லும் கட்டி.